வெட்டுப்புள்ளிக்குக் கீழே நிற்கும் பிள்ளைகள்

2021ஆம் ஆண்டு யூலை மாதம் நடைபெற்ற சி.எவ்.ஏ. முதல் நிலைப் பரீட்சையில் தோற்றியோருள் நூற்றுக்கு 22 பேரே சித்தியடைந்தனர். அதே ஆண்டு ஓகஸ்டில் நடந்த இரண்டாம் நிலைப் பரீட்சையில் சித்தியடைந்தோர் நூற்றுக்கு 29 பேர். 1963இல் தொடங்கிய இப்பரீட்சையின் வரலாற்றில் இத்துணை தாழ்ந்த வீதங்கள் அதற்குமுன் காணப்பட்டதில்லை. பெருந்தொற்றினால் பரீட்சைகள் மீண்டும் மீண்டும் ஒத்திவைக்கப்பட்டமையே இதற்குக் காரணமென நடத்துவோர் விளக்கமளித்தனர். விளக்கம் சரியானதாகவே இருக்கலாம். ஆயினும் கோட்-டெ-நேஜிலும் பார்க்-எக்ஸ்ரென்ஷனிலும் எம்மவர் வீடுகள் சிலவற்றில் அவ்விளக்கம் எவரையும் தேற்றவில்லை. நூற்றில் எழுபத்தெட்டுப் பேர் தவறினர் என்பது செய்தி. 'எங்கட பிள்ளை தவறிவிட்டது' என்பது துக்கம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றியே இக்கட்டுரையில் பேச விழைகின்றோம்.

இப்பரீட்சையை அறியாத வாசகருக்காகச் சில சொற்கள். 'பட்டய நிதி ஆய்வாளர்' என்னும் தகுதியை வழங்கும் நிறுவனம் அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்திலுள்ள சார்லற்ஸ்வில் நகரில் இயங்குகின்றது. பங்கு, பிணைமுறி, ஓய்வூதிய நிதி ஆகியவற்றில் பிறருடைய பணத்தை முதலீடு செய்வோர் மருத்துவரைப் போலவும் வழக்கறிஞரைப் போலவும் பரீட்சித்துத் தேர்ந்தெடுக்கப்படல் வேண்டுமென 1945இலேயே எழுதியவர் பெஞ்சமின் கிரஹாம். லண்டனிற் பிறந்து குழந்தையாகவே நியூயோர்க் சென்ற குடியேற்றவாசி அவர். 1963இல் முதற் பரீட்சையை எழுதியோர் 284 பேர்; அவர்களுள் 268 பேர் பட்டயம் பெற்றனர். தொழிலில் ஏற்கெனவே ஊறியவர்கள் எழுதிய பரீட்சை அது. இன்று நிலைமை வேறு. மூன்று நிலைகள். முதல் நிலையில் 180 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று விடைகள், நாலரை மணித்தியாலம். இரண்டாம் நிலையில் நீண்ட விவரணப் பந்திகளை வாசித்து அவற்றிலிருந்து 88 வினாக்களுக்கு விடையளித்தல் வேண்டும். மூன்றாம் நிலையில் ஒரு பகுதியை எழுதியே விளக்கவேண்டும். 2024இல் நடந்த முதல் நிலைப் பரீட்சைகள் நான்கிலும் சித்தி வீதம் 43க்கும் 46க்கும் இடையிலேயே நின்றது. அதாவது, வழமையான ஆண்டிற்கூட எழுதுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் தவறுகின்றனர்.

மொன்றியலில் எம்மவர் பிள்ளைகள் இப்பரீட்சையை நாடுவதற்குக் காரணமுண்டு. இந்நகரம் வங்கிகளின் நகரம். கியூபெக் மக்களின் ஓய்வூதியப் பணத்தை முதலிடும் பொது நிதியமும் 1965 முதல் இம்மாகாணத்தில் இயங்கி வருகின்றது. கொன்கோர்டியா, மக்கில், எச்.ஈ.சி. ஆகிய உயர்கல்வி நிலையங்களில் வணிகம் பயின்று வெளியேறும் பிள்ளைகளுக்கு அடுத்த படியாக இது தெரிகின்றது. தாயகத்தில் வங்கியிலோ கணக்காய்வு நிறுவனத்திலோ பணிபுரிந்துவிட்டு இங்கு வந்து இறங்கியோருக்கும் இதில் ஒரு கவர்ச்சி இருக்கின்றது. ஊரில் பெற்ற பட்டத்தை இங்கு எவரும் மதிக்காதபோது, உலகெங்கும் ஒரே அளவுகோலைக் கொண்ட ஒரு பரீட்சை நியாயமான தராசாகத் தோன்றுவது இயல்பே.

ஆனால் தவறிவிட்டால் என்ன செய்வது என்பதில் எம்மவரிடம் நல்ல வழக்கமொன்று உருவாகவில்லை. அதற்கு வேர் ஊரிலேயே உண்டு.

எமது தலைமுறைக்கும் அதற்கு முந்திய தலைமுறைக்கும் பரீட்சை என்றால் க.பொ.த. உயர்தரந்தான். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகள் தோற்றலாம். முதலாம் ஷை, இரண்டாம் ஷை, மூன்றாம் ஷை என்று எண்ணுவோம். மூன்றாவதும் போனால் அக்கதவு பூட்டப்பட்டது என்பதே பொருள். அதுவும், தவறியவன் உண்மையில் தவறினானா என்பதே கேள்வியாக இருந்தது. 1971ஆம் ஆண்டு அனுமதியில் மருத்துவத்துறைக்குத் தமிழ்மொழி மூலம் தோற்றியோருக்கு 250 புள்ளிகள் தேவைப்பட்டன; சிங்களமொழி மூலம் தோற்றியோருக்கு 229 போதுமாயிற்று. தரப்படுத்தல் என்ற சொல் எம் வீடுகளுக்குள் நுழைந்தது அப்போதுதான். பின்னர் அம்முறை பலதடவை மாறியது. இன்றும் அங்கு 40 வீத இடங்களே அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் 5 வீதம் வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் போகின்றன. அதன் நன்மை தீமைகளை இங்கு அலசப் போவதில்லை. கவனிக்கவேண்டியது ஒன்று. இடங்கள் எண்ணிக்கையிட்டவை, ஒருவன் உள்ளே போனால் இன்னொருவன் வெளியே நிற்கவேண்டும். வெட்டுப்புள்ளி என்பது அறிவின் அளவன்று, ஆசனங்களின் அளவு. பெறுபேறு வெளிவரும் வாரத்தில் 'பிள்ளையைத் தனிய விடாதேங்கோ' என்று தாய்மார் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட ஊர் அது. புள்ளி குறைந்த மாணவன் தன் ஆசனத்தை மட்டுமன்று, குடும்பத்தின் ஆசனத்தையும் இழந்தவனாகக் கருதப்பட்டான்.

அந்தக் கண்ணாடியைக் கழற்றாமலே இங்குள்ள பரீட்சையையும் நாம் பார்க்கின்றோம். சி.எவ்.ஏ. பரீட்சையில் ஆசனக் கணக்கு இல்லை. இத்தனை பேரைத்தான் சித்தியடையச் செய்வது என்ற வரம்பும் இல்லை. தகுதியின் விளிம்பில் நிற்கும் ஒரு பரீட்சார்த்தி ஒவ்வொரு வினாவுக்கும் எப்படி விடையளிப்பார் எனத் தொழிலறிந்தோர் குழு மதிப்பிடுகின்றது. அதனை ஆதாரமாகக் கொண்டு நிறுவனத்தின் ஆளுநர் சபை கோடு கிழிக்கின்றது. அடுத்த வீட்டுப் பையன் சித்தியடைந்தமையால் உங்கள் மகள் தவறவில்லை. சித்தியடைந்த நிலை காலாவதியாவதுமில்லை. ஐந்து வருடம் விட்டுவிட்டு வந்தாலும் முதல் நிலை முதல் நிலையாகவே இருக்கும். எல்லை என்று பார்த்தால், ஒரே நிலையை ஆறு தடவைகளுக்கு மேல் எழுத முடியாது. ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் இடையில் ஏறத்தாழ ஆறு மாதமாவது செல்லவேண்டும். 2021இல் கணினிக்கு மாறுமுன்னர் இரண்டாம் நிலையில் தவறியோர் அடுத்த யூன் வரை ஒரு முழு ஆண்டு காத்திருந்தனர் என்பதையும் நினைவிற் கொள்ளலாம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று நிலைகளிலும் சித்தி வாய்ப்பு முறையே நூற்றுக்கு 44, 50, 50 என்று வைத்துப் பெருக்கினால், மூன்றையும் ஒருமுறைகூடத் தவறாது கடப்போர் நூற்றில் பதினொருவர். இது கரடுமுரடான கணக்கு. வலியோரே அடுத்த நிலைக்குச் செல்வதால் உண்மை எண் வேறாகலாம். எனினும் பட்டயத்தைக் கையிற் பெற்றிருப்போரில் பலர் எங்கோ ஓரிடத்தில் ஒருமுறை தடுக்கி விழுந்தவர்களே என்பதை உணர இது போதும். அவர்கள் அதனைப் பெயர் அட்டையில் அச்சிடுவதில்லை, அவ்வளவுதான்.

நாமறிந்த குடும்பமொன்று உண்டு. தந்தையார் எண்பதுகளின் இறுதியில் அகதியாக வந்தவர். ஊரில் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கெழுதியவர், இங்கு டெப்பனர் கடை வைத்திருக்கின்றார். மகள் இரண்டாம் நிலையில் இரண்டு தடவை தவறினாள். முதற்றடவை தவறியது வீட்டாருக்குத் தெரியும். இரண்டாவது தடவை பெறுபேறு வந்து மூன்று வாரமாகியும் அவள் வாய் திறக்கவில்லை. கடைக்கு வந்த வேறொரு பிள்ளையின் வாய்மொழியாகத் தந்தையாருக்குச் செய்தி எட்டியது.

"பிள்ளை, ரிசல்ட் வந்திட்டுதாமே. ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கடைக்கு வாற ஆக்களுக்கெல்லாம் முதலே சொல்லிப்போட்டியள் அப்பா. பிறகு நான் என்னத்தைச் சொல்லுறது?"

அவர் அவ்வாறு சொன்னது உண்மை. மகள் நிதி ஆய்வாளர் ஆகிவிட்டாள் என்றே பால் வாங்க வந்தவரிடமும் லொத்தர் சீட்டு வாங்க வந்தவரிடமும் சொல்லியிருந்தார். அதிற் குற்றம் காண்பதும் கடினம். பன்னிரண்டு மணித்தியாலம் கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் மனிதனுக்குச் சொல்லிக்கொள்ள அதைவிட நல்ல செய்தி வேறென்ன இருக்கமுடியும்? ஆயினும் அந்த மூன்று வார மௌனந்தான் எம்மைக் கவலைக்குள்ளாக்குகின்றது. பரீட்சையில் தவறுவது ஒரு துன்பம். தவறியதை ஒளித்துக்கொண்டு ஒரே மேசையில் சோறு உண்பது இன்னொரு துன்பம். பின்னையது முன்னையதைவிடக் கொடியது, அத்துடன் முற்றிலும் தவிர்க்கக்கூடியது. பெற்றோர் செய்யத்தக்கது எளிது: பெறுபேறு வருமுன் எவருக்கும் எதையும் சொல்லாதிருத்தல். பிள்ளைகள் செய்யத்தக்கது அன்றைக்கே வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவிடுதல். சொல்ல வீட்டில் ஆளில்லையாயின், உறக்கமும் உணவும் கெட்டு மனம் தளர்ந்திருப்பின், கியூபெக்கில் 811 என்ற இலக்கத்தை அழைத்து இரண்டாம் தெரிவை அழுத்தினால் சமூகப் பணியாளரொருவர் இரவு பகலாகப் பேசுவார்; கட்டணமில்லை.

தோற்றோரைத் தேற்றுவதற்குக் கணித மேதை இராமானுஜனை இழுத்துவருவது எம்மவர் வழக்கம். கும்பகோணத்திலும் சென்னையிலும் எவ்.ஏ. பரீட்சையில் தவறியவர், 1912இல் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் எழுதுவினைஞராகச் சேர்ந்தவர், பின்னர் உலகப் புகழ் பெற்றார் என்பார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அவர் அந்த எவ்.ஏ.யில் பிறகும் சித்தியடையவில்லை என்பதைச் சொல்பவர் இலர். மேதையின் கதை சாதாரண மனிதருக்கு ஆறுதலாகாது. வேண்டியது நடைமுறை.

நடைமுறையில் முதலாவது, உடனே முடிவெடுக்காதிருத்தல். பெறுபேறு வந்த இரவில் 'இனி எழுதமாட்டேன்' என்பதும் 'அடுத்த முறைக்கு இப்போதே பதிகிறேன்' என்பதும் ஒரே வகைப்பட்ட பிழைகள். இரண்டு வாரம் செல்லட்டும். பின்னர் நிறுவனம் அனுப்பும் பெறுபேற்றுத் தாளை எடுத்து நிதானமாக வாசிக்கவேண்டும். சித்திக் கோடு எங்கே, பரீட்சார்த்தியின் புள்ளி எங்கே, ஒவ்வொரு பாடத்திலும் அவர் நின்ற இடம் எது என்பவற்றை அத்தாள் படமாகக் காட்டும். கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றவருக்கும் வெகு கீழே நின்றவருக்கும் மருந்து ஒன்றல்ல. முன்னவர் பெரும்பாலும் இரண்டு மூன்று பாடங்களைச் செப்பனிட்டால் போதும். பின்னவர் படித்த முறையையே மாற்றவேண்டும், அல்லது படிப்பதற்கு உண்மையில் நேரம் இருந்ததா என்று தம்மைக் கேட்கவேண்டும்.

பல்கலைக்கழகத்தில் விடைத்தாள் திருத்திய காலத்தில் நாம் கண்டதொன்று. இரண்டாம் முறை எழுதும் மாணவர் பலர் முதன்முறை செய்ததையே இன்னும் கூடுதலாகச் செய்வார்கள். அதே குறிப்பு, அதே அடிக்கோடு, இன்னொரு நிறத்தில். ரியூட்டரிக் கல்வி எமக்குத் தந்த பழக்கம் அது: குறிப்பை மனனஞ்செய்தல், எதிர்பார்க்கை வினாக்களை வேட்டையாடுதல். சி.எவ்.ஏ. பரீட்சை அதற்கு வளைந்து கொடுப்பதில்லை. வாசித்ததையே மீள வாசிக்கையில் தெரிந்ததுபோல் தோன்றும். புத்தகத்தை மூடிவிட்டுக் கணக்கைச் செய்யும்போதுதான் தெரியாதது வெளிப்படும். ஆகவே மீண்டும் எழுதுவோர் நேரத்தில் பாதிக்கு மேல் வினாக்களுக்கு விடையளிப்பதிலும், பிழைத்தவற்றை ஏன் பிழைத்தோம் என்று ஒரு கொப்பியில் எழுதுவதிலும் செலவிடவேண்டும் என்பது எமது துணிபு. முழுநீளப் பயிற்சித் தாள்களைக் கடிகாரம் வைத்துச் செய்தல் இன்றியமையாதது. பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை. எனவே ஒரு வினாவையும் வெறுமையாக விட்டுவிட்டு வரலாகாது.

ஒரு எச்சரிக்கை. பரீட்சை மண்டபத்துக்கு வெளியே கூடி நின்று வினாத்தாளைப் பிரித்து மேய்வது எம்மூர்ப் பழக்கம். இங்கு அது குற்றம். வினாக்களை வெளியில் எவருடனும் பேசுவதில்லை என்று பரீட்சார்த்தி உறுதிமொழி கொடுத்தே உள்ளே செல்கின்றார். தம்பி தங்கைக்கு உதவும் நல்லெண்ணத்தில் வினாவை நினைவிலிருந்து எழுதிக் கொடுத்தாலும் ஒழுங்கு நடவடிக்கை வரலாம். இதனோடு தொடர்புடைய இன்னொன்று: தொழில் அறம் என்ற பாடத்தை எம்மவர் பலர் 'இதெல்லாம் பொதுப்புத்திதானே' என்று கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகின்றனர். முதல் நிலையில் அதற்கு 15 முதல் 20 வீதம் உண்டு. கோட்டின் விளிம்பில் நிற்போர் விடயத்தில் அப்பாடத்திற் காட்டிய திறமை தனியாகக் கவனிக்கப்படுவதும் உண்டு. நண்பருக்குச் செய்யும் உதவி எங்கே முடிந்து வாடிக்கையாளருக்குச் செய்யும் துரோகம் எங்கே தொடங்குகின்றது என்பது பொதுப்புத்தியால் மட்டும் விடைகாணும் வினாவன்று. உறவினரிடம் சீட்டுப் பிடித்து வளர்ந்த சமூகத்துக்கு இது நன்கு தெரியும்.

இனி நேரமும் பணமும். ஒரு நிலைக்கு முந்நூறு மணித்தியாலம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஆறு மாதத்தில் அது வாரத்துக்குப் பன்னிரண்டு மணித்தியாலம். வேலை முடிந்து வந்து, கடையிலும் ஒரு கை கொடுத்து, அதன்பின் படிக்கும் பிள்ளையிடம் அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வரும் என்பதைக் குடும்பமாக அமர்ந்து பேசவேண்டும். ஓகஸ்ட் பரீட்சைக்குப் பதிவோர் கோடைகாலக் கல்யாணங்களையும் கோவில் கொடியேற்றத்தையும் தேரையும் கணக்கிற் சேர்க்கவேண்டும். மே மாதப் பரீட்சையாயின் மொன்றியற் குளிர்காலம் முழுவதும் கைவசம் உண்டு. வெளியே பனி கொட்டும்போது போக வேறிடமும் இல்லை. வீட்டில் அமைதி கிடைக்காதோருக்கு பெரி-யூகாம் மெற்றோ நிலையத்தோடு ஒட்டிய பெரிய நூலகம் 2005 முதல் திறந்திருக்கின்றது. பதிவுக் கட்டணமோ ஒரு தடவைக்கே சிறிய தொகையன்று, பிந்திப் பதிந்தால் இன்னும் கூடும். அவசரப்பட்டுப் பதிந்து ஆயத்தமில்லாமற் போய் எழுதுவது ஒரு மாத வீட்டு வாடகையை மெற்றோவில் தொலைப்பதற்குச் சமம்.

விட்டுவிடுவதும் ஒரு தெரிவு என்பதை நாம் வெளிப்படையாகவே சொல்வோம். எல்லோரும் எழுதியே தீரவேண்டிய பரீட்சை அன்று இது. முதலீட்டுத் தொழிலில் நாட்டமில்லாத ஒருவர், 'இவ்வளவு செலவழித்தாயிற்றே' என்பதற்காக நான்காம் தடவை எழுதுவது நட்டக் கணக்கை நீட்டுவது. கணக்காளர் தொழிலை விரும்புவோருக்கு சி.பி.ஏ. என்ற வழி உண்டு. கியூபெக்கில் மூன்று கணக்காளர் சங்கங்கள் 2012இல் ஒன்றிணைந்து உருவான தகுதி அது. ஆனால் அது சட்டத்தால் ஆளப்படும் தொழிற்சங்கம். பிரெஞ்சு மொழிச் சாசனத்தின்படி தொழிலுக்கேற்ற பிரெஞ்சு அறிவு வேண்டும். இங்கேயே பிரெஞ்சுப் பள்ளியிற் படித்து உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற்ற பிள்ளைகளுக்கு அது தடையன்று. வளர்ந்த பின் வந்து இறங்கியோருக்கு மொழி அலுவலகத்தின் பரீட்சை காத்திருக்கும். சி.எவ்.ஏ. ஆங்கிலத்தில் மட்டும் நடப்பதால் அந்நிபந்தனை அதற்கில்லை. இதனை நம்பிப் பிரெஞ்சை ஒதுக்குவோர் ஏமாறுவர். பட்டயம் ஆங்கிலத்தில் கிடைக்கும். மொன்றியலில் நேர்முகப் பரீட்சை பிரெஞ்சில் நடக்கும். 2023 யூனில் தொடங்கிய அரசாங்க பிரெஞ்சு வகுப்புச் சேவையில் அகதிக் கோரிக்கையாளரும் சேரலாம்.

கடைசியாக, அகதி நிலையிலுள்ளோருக்கு மட்டும் உரியதும் எவரும் எடுத்துச் சொல்லாததுமான விடயம். இப்பரீட்சைக்குப் பதியவும் மண்டபத்துள் நுழையவும் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு வேண்டும். சாரதி அனுமதிப்பத்திரம் ஏற்கப்படாது. கனடியக் குடியுரிமை பெற்றோருக்கு இதில் சிக்கலில்லை. கோரிக்கை விசாரணையில் இருப்போரின் கடவுச்சீட்டோ பெரும்பாலும் குடிவரவு அதிகாரிகளின் கையில் இருக்கும். பாதுகாப்புப் பெற்றுவிட்ட சிலர், பரீட்சைக்குத்தானே என்று இலங்கைத் தூதரகம் சென்று பழைய கடவுச்சீட்டைப் புதுப்பிக்க எண்ணக்கூடும். அது ஆபத்தானது. தப்பி வந்த நாட்டின் பாதுகாப்பை மீண்டும் நாடியதாக அச்செயல் கொள்ளப்படலாம். 2012 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின் பின், அந்தக் காரணத்தால் அகதிப் பாதுகாப்பு நீக்கப்பட்டால் நிரந்தர வதிவிட உரிமையும் சேர்ந்தே பறிபோகும். ஆகவே குடியுரிமை இல்லாத எவரும் முதலில் தமது சட்டத்தரணியைக் கேட்கவேண்டும். கனடா வழங்கும் அகதிப் பயணப் பத்திரம் வைத்திருப்போர், பணம் கட்டுமுன்னரே, தம் பத்திரம் ஏற்கப்படுமா என்று பரீட்சை நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டு, வரும் விடையை அச்சிட்டுப் பத்திரப்படுத்திக்கொள்ளவேண்டும். பரீட்சைக்கு இன்னொரு தவணை வரும். வதிவிட உரிமைக்கு அப்படியொரு தவணை கிடையாது.